புளியரை வீட்டு வைஃபையில் யார் யார் இருக்கிறார்கள்?

வீடு அத்தையுடையது. செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு போகும் 744ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையை ஒட்டிய தெரு. மலையடிவாரம் என்பதால் செல்போன் சிக்னல் தமிழ்நாட்டு டவருக்கும் கேரள டவருக்கும் மாறி மாறித் தாவும். வீட்டுக்குள் போய்விட்டால் இரண்டுமே கிடைக்காது. அதனால் அந்தத் தெருவில் ஃபைபர் இணைப்பு உள்ள வீட்டு வைஃபைக்குக் கொஞ்சம் கிராக்கி உண்டு. கீழே அத்தை, அத்தை மகள், பேரன். மாடியில் புனலூர்க்காரர் ஒருவர் குடும்பத்தோடு வாடகைக்கு இருக்கிறார். அத்தை மகன் ஷார்ஜாவில் வேலை பார்க்கிறான். பேரன் அவனுடைய மகன்.

இணைப்பு மாதம் 500 ஜிபி வரை முழு வேகத்தில் ஓடும். அதைத் தாண்டினால் 2 எம்பிபிஎஸ்தான். சில மாதங்களாக இருபதாம் தேதி வாக்கிலேயே அந்த வேகத்துக்கு விழுந்துவிடுகிறது.

"ஏய்யா, இருவது தேதி ஆச்சுன்னா டிவி சுத்திக்கிட்டே நிக்கி. யாரோ நம்ம நெட்டத் திருடுதாவ. யாருன்னு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லு, நான் போய்க் கேக்கேன்" என்றார் அத்தை.

வைஃபையில் அந்நியர் யாராவது இருக்கிறார்களா என்று பார்க்க நிறையப் பேர் உடனே ஒரு ஆப்பை இறக்கி ஸ்கேன் போடுவார்கள். புரியாத பெயர்களோடு ஒரு பட்டியல் வரும். அதில் பாதி திருடன் மாதிரியே தெரியும். நான் வேறு விதமாகத் தொடங்கினேன். முதலில் ஒரு தாளை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தேன். நம் வீட்டில் என்னென்ன பொருள் வைஃபையில் இருக்கிறது என்று தெரியாதவரை, எது நம்முடையது இல்லை என்று சொல்லவே முடியாது.

கீழே மூன்று போன், பேரனின் லேப்டாப், டிவி, சிசிடிவி கேமராக்களின் படத்தைப் பதிவு செய்யும் டிவிஆர் பெட்டி, வாசலில் ஒரு ஸ்மார்ட் பல்பு, கீசருக்கு ஒரு ஸ்மார்ட் பிளக். மாடியில் இரண்டு போன், ஒரு டேப்லெட், ஒரு டிவி, மாடிப்படித் திருப்பத்தில் வைஃபையை வாங்கி மாடிக்கு எட்டவைக்கும் ஒரு ரிப்பீட்டர். என் லேப்டாப்பையும் சேர்த்தால் 14. ஒவ்வொன்றுக்கும் எதிரே மேக் முகவரியையும், அதாவது நெட்வொர்க்கில் அந்தக் கருவியை அடையாளம் காட்டும் எண்ணையும், எழுதினேன். போனில் வைஃபை செட்டிங்ஸுக்குள், நாம் இணைந்திருக்கும் நெட்வொர்க்கின் விவரத்தில் அது இருக்கும். டிவியில் நெட்வொர்க் நிலை பக்கத்தில். டிவிஆருக்கும் ரிப்பீட்டருக்கும் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில். பல்பையும் பிளக்கையும் அவற்றின் ஆப்புக்குள் போய்த்தான் பார்க்க வேண்டியிருந்தது. இந்த வேலைக்குத்தான் அதிக நேரம் பிடித்தது. ஆனால் பிறகு வந்த எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னது இந்தத் தாள்தான்.

அப்புறம் லேப்டாப்பில் பிரவுசரைத் திறந்து 192.168.1.1 என்று தட்டினேன். சில ரூட்டர்களில் அது 192.168.0.1 ஆக இருக்கும். விண்டோஸில் ஐபிகான்ஃபிக் கட்டளை கொடுத்தால் டிஃபால்ட் கேட்வே என்ற வரியில் சரியான எண் தெரியும். அட்மின் பாஸ்வேர்டு ரூட்டருக்கு அடியில் அச்சடித்தபடியே, மாற்றப்படாமல் இருந்தது. உள்ளே டிஹெச்சிபி பட்டியலில் 19 பெயர்கள். தாளில் 14.

இங்கே அவசரப்படக் கூடாது. டிஹெச்சிபி பட்டியல் என்பது ரூட்டர் யாருக்கெல்லாம் ஐபி முகவரி கொடுத்தது என்ற பதிவு. பெரும்பாலான வீட்டு ரூட்டர்களில் அந்த முகவரி 24 மணி நேரம்போல ஒருவர் பெயரில் இருக்கும். வந்துவிட்டுக் கிளம்பிப்போன விருந்தாளியின் போனும் மறுநாள்வரை பட்டியலில் தெரியும். இப்போது யார் இருக்கிறார்கள் என்பதை அறிய வேறொரு பக்கம் உண்டு. வயர்லெஸ் பகுதிக்குள், இணைந்திருக்கும் கருவிகள் என்ற பெயரில், ஒவ்வொன்றின் சிக்னல் வலிமையோடு வரும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெளிவு.

சாரல் காலத்தில் எங்கள் பக்கம் கரண்ட் அடிக்கடி போகும். ரூட்டர் அணைந்து எரிந்தால் பல மாடல்களில் இந்தப் பட்டியல் புதிதாகத் தொடங்கும், பழைய ஆட்கள் உதிர்ந்துவிடுவார்கள். அது நமக்கு நல்லது. ஆனால் பதிவேட்டில் நேரமும் கெட்டுப்போகும். இணையத்திலிருந்து சரியான நேரத்தை வாங்கும்வரை ரூட்டர் 1970 ஜனவரி 1 என்றுதான் எழுதும். அந்தத் தேதியைப் பார்த்து யாரோ உள்ளே புகுந்து கெடுத்துவிட்டார்கள் என்று பயப்பட வேண்டாம்.

மேக் முகவரியைப் படிக்கத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. அது இரண்டிரண்டு குறிகளாக ஆறு ஜோடி. முதல் மூன்று ஜோடி, தயாரிப்பாளருக்கு ஐஇஇஇ அமைப்பு ஒதுக்கிய எண். அதை வைத்து எந்த நிறுவனம் என்று தேடலாம். ஆனால் பல சமயம் வருவது உள்ளே இருக்கும் வைஃபை சிப்பைச் செய்தவர் பெயர். பெட்டியின் மேல் இருக்கும் பிராண்ட் பெயர் வராமல் போகலாம். பட்டியலில் எஸ்பிரெசிஃப் என்று இரண்டு சாதனங்கள் இருந்தன, பெயர் இஎஸ்பி என்று தொடங்கி ஏதோ எண்கள். கேள்விப்படாத சீனப் பெயர் என்று பேரன் கலங்கிவிட்டான். எஸ்பிரெசிஃப், ஷாங்காயில் இருக்கும் சிப் நிறுவனம். விலை குறைந்த ஸ்மார்ட் பல்பு, பிளக் இவற்றில் ஏராளமாக அதன் சிப்தான் இருக்கிறது. தாளைப் பார்த்தோம். வாசல் பல்பும் கீசர் பிளக்கும்.

போன்கள் விஷயத்தில் இந்த வழி செல்லாது. ஆண்ட்ராய்டு 10 வந்த 2019 முதலும், ஐஓஎஸ் 14 வந்த 2020 முதலும், போன்கள் ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் ஒரு பொய் மேக் முகவரியை உருவாக்கிக் காட்டுகின்றன. கடைகளும் ரயில் நிலையங்களும் ஒருவரைப் பின்தொடராமல் இருக்க அது நல்ல ஏற்பாடு. வீட்டில் கணக்கெடுப்பவருக்கு அது தயாரிப்பாளர் பெயரை மறைத்துவிடுகிறது. அடையாளம் கண்டுகொள்ள ஒரு வழி உண்டு. முதல் ஜோடியின் இரண்டாவது குறி 2, 6, ஏ, ஈ இந்த நான்கில் ஒன்றாக இருந்தால் அது பெரும்பாலும் இப்படி உருவாக்கிய முகவரி. அதனால்தான் தாளில் எழுதும்போது போனின் அபவுட் பக்கத்தில் இருக்கும் நிஜ முகவரியை எடுக்கக் கூடாது, அந்த வைஃபைக்கு அது காட்டும் முகவரியை எடுக்க வேண்டும் என்று நான் கவனமாக இருந்தேன்.

ரூட்டர் சொல்வதை மட்டும் நம்பாமல் லேப்டாப்பிலிருந்தும் ஒரு தடவை தேடினேன். என்மேப் என்ற இலவச மென்பொருள் 1997 முதல் இருக்கிறது. போர்ட்டுகளைத் துழாவாமல் யார் விழித்திருக்கிறார்கள் என்று மட்டும் கேட்கும் முறை அதில் உண்டு. அட்மின் உரிமையோடு ஓட்டினால், ஒரே நெட்வொர்க்கில் இருப்பவர்களை அது ஏஆர்பி வழியாகக் கேட்கும், அதாவது இந்த ஐபி முகவரி யாருடையது என்று எல்லோரையும் பார்த்துக் கேட்கும். பிங்க் என்ற வழக்கமான விசாரிப்புக்குப் பதில் சொல்லாத கருவியும் இதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். திரை அணைந்து தூங்கும் போன் மட்டும் சில சமயம் நழுவும் என்பதால், காலை ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை என்று ஓட்டிப் பார்ப்பது நல்லது. இதையெல்லாம் நம் வீட்டு நெட்வொர்க்கில், அல்லது வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டால் மட்டுமே செய்ய வேண்டும்.

மாடிக் கருவிகள் கொஞ்சம் குழப்பின. தாளில் எழுதிய முகவரிகளில் ஒன்றுகூடப் பட்டியலில் இல்லை. உற்றுப் பார்த்தால் கடைசி மூன்று ஜோடி பொருந்துகிறது, முதல் மூன்று ஜோடி நான்குக்கும் ஒரே மாதிரி. ரிப்பீட்டர் செய்யும் வேலை அது. பல ரிப்பீட்டர்கள் தனக்குப் பின்னால் இருப்பவர்களின் முகவரியில் முன்பகுதியைத் தன்னுடையதாக மாற்றித்தான் ரூட்டருக்கு அனுப்பும். ரிப்பீட்டரே இரண்டு முகவரியோடு நின்றது. மாடிக்காரர்களின் நாலு கருவிகளும் இப்படிச் சேர்ந்துவிட்டன, கூடுதலான ஐந்தில் ஒன்றுக்கும் கணக்கு கிடைத்தது.

இதைவிட மோசமான ஒரு நிலையும் இருக்கலாம். ரிப்பீட்டருக்குப் பதில் யாராவது இன்னொரு ரூட்டரை மாட்டியிருந்தாலோ, தன் போன் வழியாக வைஃபையை ஹாட்ஸ்பாட்டாகப் பகிர்ந்தாலோ, அதற்குப் பின்னால் பத்துப் பேர் இருந்தாலும் நம் பட்டியலில் ஒரே ஒரு பெயர்தான் வரும். பட்டியல் குட்டையாக இருப்பதால் மட்டும் நிம்மதி அடைய முடியாது.

மீதி நான்கு. பேரனின் லேப்டாப் கேபிளிலும் வைஃபையிலும் சேர்ந்தே இருந்தது. இரண்டுக்கும் தனித்தனி முகவரி, அதனால் இரண்டு வரி. ஒன்று, வியாழக்கிழமை தட்சிணாமூர்த்தி கோவிலுக்கு வந்துவிட்டு வீட்டில் சாப்பிட்டுப்போன உறவினரின் போன். டிஹெச்சிபியில் இருந்தது, வயர்லெஸ் பக்கத்தில் இல்லை. மூன்றாவது ஒன்றின் சிக்னல் மைனஸ் 41 டிபிஎம் (சிக்னல் வலிமையின் அலகு) என்று நின்றது. இந்த எண் பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்க சிக்னல் பலம். மைனஸ் 41 என்றால் ரூட்டர் இருக்கும் அறையிலோ அடுத்த அறையிலோதான் இருக்க வேண்டும். தேடினால், அத்தையின் பழைய போன், பூஜை அறையில் சார்ஜரிலேயே செருகிக் கிடந்தது. காலையில் சுப்ரபாதம் போட அதைத்தான் வைத்திருக்கிறார். யாருக்கும் அது ஒரு போன் என்ற நினைப்பே இல்லை.

கடைசி ஒன்று நம்முடையது இல்லை. உருவாக்கிய முகவரி, அதனால் தயாரிப்பாளர் தெரியாது. 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும் இணைகிறது. 5 கிகாஹெர்ட்ஸ் அலை சுவர் தாண்டினால் சீக்கிரம் சோர்ந்துவிடும், 2.4 இன்னும் கொஞ்ச தூரம் போகும். சிக்னல் மைனஸ் 78க்கும் 82க்கும் நடுவில் ஆடிக்கொண்டிருந்தது. சாயங்காலம் இருட்டும் நேரத்தில் வரும், பத்து மணிக்குள் போய்விடும்.

எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்க்க ஒரு சோதனை செய்தோம். பேரன் ரூட்டர் பக்கத்தைத் திறந்து உட்கார்ந்துகொண்டான். நான் என் போனை வைஃபையில் இணைத்துக் கையில் வைத்துக்கொண்டு தெருவில் நடந்தேன். கேட்டருகே மைனஸ் 60 சொச்சம். எதிர்வரிசையில் இரண்டு வீடு தள்ளிப் போனபோதுதான் 80ஐத் தொட்டது. ஆகவே அந்தப் போன் தெருவில் அந்தத் தூரத்தில் இருக்கலாம், அல்லது அதைவிடக் கிட்டத்தில் ஒரு கனமான சுவருக்குப் பின்னால் இருக்கலாம். இதற்கு மேல் இந்த எண்ணால் சொல்ல முடியாது.

"யாரு, எதிர்வீட்டுக்காரனா?" என்றார் அத்தை.

"அத்தை, இதில கருவி மட்டுந்தான் தெரியும். ஆள் பேரு வராது. இத வச்சு யார் வீட்டு வாசல்லயும் போய் நிக்கக்கூடாது" என்றேன். இதில் நான் உறுதியாக இருந்தேன். ஏனென்றால் பாஸ்வேர்டு என்ன என்று கேட்டபோது, அது அத்தையின் செல்போன் எண். இணைப்புக் கொடுக்க வந்தவர் அப்படி வைத்துக்கொடுத்திருக்கிறார், மறக்காது என்பதற்காக. பால்காரர், கேஸ் போடுபவர், தெருவில் பாதிப் பேர் என்று எல்லோரிடமும் அந்த எண் இருக்கிறது. தெரியாதவருக்கும் அது கஷ்டமில்லை. நம் செல்போன் எண்கள் 6, 7, 8, 9 இவற்றில் ஒன்றில்தான் தொடங்கும், மொத்தமே 400 கோடி வாய்ப்பு. ஒரு போன் வைஃபையில் இணையும்போது பாஸ்வேர்டைச் சரிபார்க்க ரூட்டரோடு நடத்தும் ஹேண்ட்ஷேக் என்ற பரிமாற்றத்தைப் பிடித்துக்கொண்டு போய்விட்டால், நல்ல கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கம்ப்யூட்டர் அத்தனையையும் சில மணி நேரத்தில் போட்டுப் பார்த்துவிடும். ஆனால் புளியரையில் யாரும் அவ்வளவு சிரமப்பட்டிருக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். ஆண்ட்ராய்டு 10 முதல், இணைந்திருக்கும் எந்தப் போனும் பாஸ்வேர்டை ஒரு க்யூஆர் படமாகக் காட்டும். அந்தப் படத்துக்குள் பாஸ்வேர்டு வெறும் எழுத்தாகவே இருக்கிறது. பேரன் ஒருவனுக்குக் காட்டினால் அவன் இன்னொருவனுக்குக் காட்டலாம். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யாமலேயே பாஸ்வேர்டு ஊர் சுற்றிவிடும்.

இதைச் சின்ன விஷயம் என்று விட முடியாது. 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சற்று முன் அனுப்பிய மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் வைஃபை வழியாகப் போயிருந்தது. போலீஸ் முதலில் போய் நின்றது அவர் வீட்டில். அத்தையின் பெயரில் இருக்கும் இணைப்பில் யார் என்ன செய்தாலும் கேள்வி அத்தையிடம்தான் வரும்.

சரி, 500 ஜிபியைத் தின்றது இந்தப் போன்தானா? அதையும் பார்க்காமல் முடிவு கட்ட மனம் வரவில்லை. எங்கள் ரூட்டரில் ஆளுக்கு எவ்வளவு என்று காட்டும் வசதி இல்லை. ஆனால் வெளி இணைய இணைப்பைக் காட்டும் வான் (WAN) நிலை பக்கத்தில் மொத்தம் வந்த பைட்டும் போன பைட்டும் இருக்கிறது. இதைப் படிக்கும்போது ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். பைட்டுகளை எண்ணும் இந்த எண்ணி (கவுன்ட்டர்) பல ரூட்டர்களில் 32 பிட்டில் ஓடுவதால், சுமார் 4.29 ஜிபி ஆனதும் மீண்டும் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும். அதனால் மொத்த எண்ணைப் பார்த்துப் பயனில்லை. பத்து நிமிட இடைவெளியில் இரண்டு தடவை குறித்து வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும்.

வித்தியாசம் ஆச்சரியமாக இருந்தது. வந்ததைவிடப் போனது பல மடங்கு அதிகம். யாராவது திருட்டுத்தனமாகப் படம் பார்த்தால் வருவதுதான் கூட வேண்டும். வீட்டிலிருந்து இவ்வளவு வெளியே போகிறது என்றால் ஏதோ ஒன்று இடைவிடாமல் அனுப்பிக்கொண்டிருக்கிறது. டிவிஆரின் லேன் கேபிளை உருவினேன். எண்ணி நின்றுவிட்டது. திரும்பச் செருகினேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி ஏறத் தொடங்கியது.

ஷார்ஜாவுக்குப் போன் போட்டோம். அத்தை மகன் தன் அறையில் ஒரு டேப்லெட்டில் வாசல் கேமராவையும் பின்கட்டுக் கேமராவையும் காலையில் திறந்தால் ராத்திரிவரை அப்படியே ஓடவிட்டிருக்கிறான். அம்மா வாசல் தெளிப்பது, மகன் சைக்கிளை எடுப்பது, மழை பெய்வது, எல்லாம் அங்கிருந்தே பார்ப்பதற்காக. ஒரு கேமரா 2 எம்பிபிஎஸ், இரண்டுக்கும் 4. அது மணிக்கு 1.8 ஜிபி. 12 மணி நேரத்துக்கு 21.6 ஜிபி. இருபது நாளில் 432 ஜிபி. எங்கள் திட்டத்தில் அனுப்புவதும் வாங்குவதும் சேர்ந்தே கணக்கு. அவனைப் பார்க்க வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசில்லை, அத்தைக்கும் இல்லை. டிவிஆரில் சப் ஸ்ட்ரீம் என்று, தரம் குறைந்த இன்னொரு ஒளிபரப்பு உண்டு. அதை ஒரு கேமராவுக்கு 512 கேபிபிஎஸ் என்று வைத்து, அவன் ஆப்பில் அதையே தேர்ந்தெடுக்கச் சொன்னேன். இப்போது அதே 12 மணி நேரத்துக்கு ஐந்தரை ஜிபிதான். முகம் கொஞ்சம் மங்கல், ஆனால் யார் என்று தெரிகிறது. சந்தேகம் வந்தால் மட்டும் ஹெச்டிக்கு மாற்றிக்கொள்கிறான்.

அதற்காக அந்நியப் போனை விட்டுவைக்க முடியாது. மேக் ஃபில்டர் போட்டு அந்த ஒரு முகவரியை மட்டும் தடுக்கலாமே என்று பேரன் கேட்டான். போன் தன் முகவரியை மாற்றிக்கொள்ளும் காலத்தில் அது நிற்காது. வைஃபை பெயரை மறைத்து வைப்பதும் பயன் தராது, ஸ்கேன் செய்பவருக்குத் தெரிந்துவிடும். பாஸ்வேர்டை மாற்றினால் எல்லோரும் ஒரே நேரத்தில் வெளியே போவார்கள். தெரிந்தவர் மட்டும் திரும்ப உள்ளே வர முடியும்.

பாஸ்வேர்டு, சம்பந்தமில்லாத நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் கோத்து, நடுவில் எண் சேர்த்தது. அத்தைக்குச் சொல்லவும் தட்டவும் எளிது. மாற்றும்போதே, பாஸ்வேர்டு தட்டாமல் பட்டனாலோ பின் எண்ணாலோ இணையவிடும் டபிள்யூபிஎஸ்ஸை அணைத்தேன். அதன் எட்டு இலக்க பின் எண்ணை ரூட்டர் இரண்டு பாதியாகச் சரிபார்க்கிறது, கடைசி இலக்கம் வெறும் சரிபார்ப்பு எண். ஆகவே பத்து கோடி முறை முயல வேண்டிய இடத்தில் 11,000 முறை முயன்றால் போதும். இது 2011லேயே வெளிவந்த ஓட்டை. பட்டனை அமுக்கி இணையும் வசதி இல்லாமல் போவது பெரிய நஷ்டமில்லை. வைஃபையின் பாதுகாப்பு முறையை முதலில், பழைய டபிள்யூபிஏ2, புதிய டபிள்யூபிஏ3 இரண்டும் கலந்த நிலையில் வைத்தேன். வாசல் பல்பு இணைய மறுத்தது. 2.4ஐ மட்டும் டபிள்யூபிஏ2 ஏஇஎஸ்ஸுக்குத் திருப்பியதும் ஏறிக்கொண்டது. பல்பையும் பிளக்கையும் அழித்துப் புதிதாக இணைக்க வேண்டும் என்பதால், இந்த வேலைக்கு ஒரு ஞாயிறு மதியத்தை ஒதுக்குங்கள். டிவிஆர் கேபிளில் இருப்பதால் அதற்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. ஆனால் அதன் அட்மின் பாஸ்வேர்டும் தயாரிப்பாளர் வைத்ததாகவே இருந்தது. அதையும் ரூட்டருடையதையும் மாற்றி, ரூட்டரை வெளியிலிருந்து திறக்கும் ரிமோட் மேனேஜ்மென்ட் வசதியையும் மூடினேன்.

விருந்தாளிகளுக்கென்று தனி பாஸ்வேர்டோடு கெஸ்ட் நெட்வொர்க் ஒன்றைத் திறந்து, அதில் இருப்பவர்கள் ஒருவரையொருவரும் டிவிஆரையும் பார்க்க முடியாதபடி ஐசொலேஷன் போட்டாயிற்று. கோவிலுக்கு வருகிற உறவினர்களுக்கு இனி அதன் பாஸ்வேர்டுதான். மாதாமாதம் அதை மாற்றினாலும் வீட்டுக் கருவி எதையும் தொட வேண்டாம்.

மாற்றிய அன்று ராத்திரியும் அடுத்து வந்த நாட்களிலும் வயர்லெஸ் பக்கத்தைப் பார்த்தோம். மைனஸ் 80 பக்கம் யாரும் இல்லை. நெட் வரவில்லையே என்று யாரும் அத்தையிடம் வந்து கேட்கவுமில்லை. மாடி ரிப்பீட்டர் மட்டும் இன்னும் பாக்கி. அதை கெஸ்ட் நெட்வொர்க்குக்கு மாற்றி, அதன் அட்மின் பாஸ்வேர்டையும் மாற்ற வேண்டும். மாடி வீட்டுச் சேட்டன் குடும்பம் ஓணத்துக்குப் புனலூர் போயிருக்கிறது. அவர்கள் இல்லாதபோது அதைத் தொட வேண்டாம் என்று விட்டிருக்கிறேன்.